எந்தப் பூச்சி மருந்து?

ஆம்லெட் கடைக்காரர் அன்று காலை உடைத்த ஒரு முட்டைக்குள் புழு இருந்தது. வெள்ளை நூல் மாதிரி, சுண்டுவிரல் நீளத்துக்கு, மஞ்சள் கருவோடு சேர்ந்து கிண்ணத்தில் விழுந்தது. முதலில் அவர் நூல் என்றுதான் நினைத்தார். கரண்டி நுனியால் தூக்கிப் பார்த்தார். நூலுக்குத் தலை ஏது? வேலைக்குப் போகிற அவசரத்தில் அடுப்பைச் சுற்றி நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பாதி ஆம்லெட்டைத் தின்றிருந்த ஒருவன் தட்டை வைத்துவிட்டுச் சாக்கடை ஓரமாக ஓடினான். மற்றவர்கள் காசு கொடுக்காமலே கலைந்துபோனார்கள்.

முட்டை கொடுத்த பண்ணைக்காரன் அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்? வந்தான். வேனை ஓரங்கட்டிவிட்டு, முட்டைத் தட்டுகளைத் தோளில் சுமந்தபடி, சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.

"வாய்யா, வா! உன் கோழி முட்டை போடுதா, புழு போடுதா?" என்று கேட்ட கடைக்காரர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவன் நெற்றியில் அடித்தார். அடுத்தது மூக்கில் விழுந்தது. அவன் வாயைத் திறந்தான், அடுத்தது வாய்க்குள்ளேயே விழுந்தது. தட்டு காலியாகும்வரை அடித்துவிட்டு, அடுப்பில் காய்ந்த கரண்டியைக் கையில் எடுத்தார். "இனிமே இந்தத் தெருவுல உன் வண்டியப் பாத்தேன், உன்னைய வறுத்துருவேன்!"

அந்தப் பண்ணைக்காரனுக்கு ஊரில் 'பட்டாசு' என்று பெயர். வேறு பட்டாசுக்காவது திரி கிள்ளிப் பற்றவைக்க வேண்டும், இவனுக்கு அதுவும் வேண்டாம். மூக்குக்கு மேல் கோபம், வாய்க்கு முன்னால் கை. ஆனால் கடைக்காரர் அவனைப்போல் இரண்டு மடங்கு உருவம், கையில் சுடுகரண்டி வேறு. பட்டாசு நமுத்துப்போய் வேனில் ஏறினான். வெளியே வாங்கியதை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிற வர்க்கம் ஒன்று உண்டு, அதில் இவன் முதல் ஆள். முட்டைக் கரு காதுக்குள் இறங்க, வழி நெடுக யாரை அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனான்.

பண்ணை என்பது நீளமான ஒரு கொட்டகையும் அதை ஒட்டி ஒரு வீடும். கோழிகளைக் கூண்டில் அடைக்காமல் தரையில் விட்டு வளர்த்தால் முட்டைக்கு மவுசு அதிகம் என்று யாரோ சொல்ல, கூண்டுகளைக் கழற்றி வீசிவிட்டுத் தரை முழுக்க மரத்தூள் பரப்பியிருந்தான். பரப்பியதோடு சரி. அதைக் கிளறிவிடவோ மாற்றவோ அவனுக்குப் பொறுமை ஏது? தண்ணீர்த் தட்டுகளைச் சுற்றி மரத்தூள் நனைந்து, எச்சத்தோடு சேர்ந்து அடை தட்டிக் கிடந்தது. கோழிகளின் கொண்டை வெளிறிப்போயிருந்தது. தீனி மட்டும் வழக்கம்போல் தீர்ந்தது. நெஞ்செலும்பு கத்திமாதிரி துருத்திக்கொண்டு நின்றது. ஒன்றின் பின்புறத்தை இன்னொன்று கொத்தி, இரத்தம் கண்ட இடத்தைக் கூட்டமாகச் சேர்ந்து குடலை இழுக்கிறவரை கொத்தின.

கால்நடை டாக்டரம்மா போன மாதமே வந்து பார்த்தார். செத்த கோழி ஒன்றைக் கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் வைத்து அறுத்தார். குடலைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டியதும், நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி புழுக்கள் வழிந்து பெட்டியின்மேல் நெளிந்தன.

"நீங்க போடுற தீனிய இதுங்கதான் தின்னுது. இன்னைக்கே பூச்சி மருந்து குடுங்க. ஆனா மருந்து மட்டும் பத்தாது, தரையில கெடக்குற ஈர மரத்தூள அள்ளி வெளிய கொட்டணும். எச்சத்தோட புழு முட்டை அதுல விழுது. கோழி திரும்ப அதையே கொத்தித் தின்னுது. விட்டா ஒரு நாள் முட்டைக்குள்ளயே புழு வந்துரும்."

"என் பண்ணையில புழுவா? கோழிய அறுத்துப் பாத்துச் சொல்றதுக்கு நீங்க எதுக்கு? நான் மூஞ்சியப் பாத்தே சொல்லுவேன், இங்க எவனோ தீனி திருடுறான்!" என்று கத்தினான் பட்டாசு. அவர் கொடுத்துவிட்டுப் போன மருந்து பாட்டிலை வீட்டு வாசலில் தூக்கி எறிந்தான். நல்லவேளை, பிளாஸ்டிக் பாட்டில், உடையவில்லை. அவன் மனைவி அதை எடுத்துத் துடைத்துச் சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தாள்.

அவன் கண்டுபிடித்த தீனித் திருடன் யார் தெரியுமா? அவனுடைய மச்சினன், மனைவியின் தம்பி. அக்கா வீட்டோடு தங்கிக் கொட்டகை வேலை பார்க்கிறவன், அப்பிராணி. ஊரிலிருந்து வரும்போது வாயாடியாகத்தான் வந்தான். இங்கே வந்து அடி வாங்க ஆரம்பித்த பிறகுதான் அவனுக்குத் திக்கல் வந்தது. இப்போதெல்லாம் மாமா முன்னால் நின்றாலே முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தீனி வாளியாலேயே அவன் முதுகில் அடித்து உண்மையை வரவழைக்கப் பார்த்தான் பட்டாசு. உண்மை எங்கிருந்து வரும்? அது கோழியின் வயிற்றில் இருந்தது.

முட்டைகளைத் தரம் பிரித்துத் தட்டில் அடுக்குகிற அக்கா ஒருத்தி இருந்தாள். "முட்டை ஓடு மெல்லிசா வருது முதலாளி, அந்த டாக்டரம்மா சொன்னத ஒரு தடவை கேட்டா என்ன?" என்று கேட்டுவிட்டாள். கையிலிருந்த தட்டோடு அவள் தலையில் கவிழ்த்தான். அன்றிலிருந்து அவளும் வாயைத் திறப்பதில்லை. அடுக்குவாள், எண்ணுவாள், போவாள்.

இப்படிப்பட்ட பண்ணைக்குத்தான் முகமெல்லாம் முட்டையோடு வந்து இறங்கினான் பட்டாசு. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வந்ததும் வராததுமாக டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான்.

"முட்டையில புழு வந்துருச்சு. இப்ப என்னதான் பண்ணித் தொலைக்கிறது?"

"நான் குடுத்த மருந்தக் குடுத்தீங்களா?"

"இனிமேதான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி. முதல்ல கொட்டகைக்குப் போற தண்ணிய நிறுத்துங்க. கோழிக்கு நல்லா தாகம் எடுக்கட்டும். அப்புறம் தொட்டியில மருந்தக் கலந்து விட்டீங்கன்னா எல்லாம் ஒண்ணா குடிச்சிரும். நானும் கெளம்பி வர்றேன். மரத்தூள் விஷயம் நேர்ல பேசலாம்."

தண்ணீரை அடைத்தார்கள். வெயில் ஏறியது. கோழிகள் காலித் தட்டுகளைக் கொத்திக் கொத்தி ஓய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பட்டாசு முற்றத்தில் நின்று மச்சினனைப் பார்த்துக் கத்தினான்.

"டேய்! ஸ்டோர்ல இருக்குற பூச்சி மருந்த எடுத்துத் தொட்டியில ஊத்துடா!"

இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வயிற்றுப் புழுவுக்குக் குடிக்கக் கொடுப்பதும் பூச்சி மருந்துதான். ஈயும் உண்ணியும் சாகத் தூணிலும் சுவரிலும் அடிப்பதும் பூச்சி மருந்துதான். ஒன்று உயிரைக் காப்பது, மற்றது எடுப்பது. நம் வாயில் இரண்டுக்கும் ஒரே பேர். ஸ்டோரில் இருந்ததோ தூணுக்கு அடிக்கிறது மட்டும்தான். குடிக்கக் கொடுப்பது உப்பு ஜாடிக்குப் பின்னால் இருந்தது. தூக்கி எறிந்தவனுக்கு அது எங்கே போனதென்ற நினைப்பே இல்லை.

மச்சினனுக்குச் சந்தேகம் வந்தது. மண்டையில் மசாலா இருக்கிற யாருக்கும் வரும். தூணுக்கு அடிக்கிறதைத் தொட்டியிலா ஊற்றுவார்கள்?

"எ... எ... எந்த..." என்று ஆரம்பித்தான்.

'எந்தப் பூச்சி மருந்து மாமா?' என்பது கேள்வி. நான்கே சொல். முதல் சொல்லோடு அறை விழுந்தது. அவன் பக்கவாட்டில் சுருண்டு தொட்டிமேல் மோதினான். பட்டாசு விடவில்லை, காலாலும் ஒன்று கொடுத்தான்.

"எந்தவா? எதிர்க்கேள்வியாடா கேக்குற? ஊர்ல இருக்குறவன் எல்லாம் என்னையக் கேக்குறான், தின்னுட்டுத் தூங்குற நீயும் கேக்குறியா? சொன்னதச் செய்யி! இன்னொரு தடவ வாயத் தொறந்த, பல்லு இருக்காது!"

மச்சினன் எழுந்தான். காதில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். ஸ்டோருக்குப் போனான், டப்பாவை எடுத்தான், தொட்டியில் ஊற்றினான். வெறுங்கையோடு குச்சியால் கலக்கினான். சட்டையிலும் தெறித்தது. கொட்டகைக் குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் முனையில் வாய் வைத்து உறிஞ்சித் தண்ணீரை வரவழைப்பது அங்கே பழக்கம். அன்றும் அடைத்துக்கொண்டது. அவன் குனிந்து வாய் வைத்து உறிஞ்சினான்.

தாகத்தில் இருந்த கோழிகள் தட்டுகளை மொய்த்துக் குடித்தன.

பட்டாசு தலையில் ஒட்டிய கருவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது கொட்டகைச் சத்தம் மாறியது. ஆயிரக்கணக்கான கோழிகளின் இரைச்சல் அவனுக்கு மூச்சு மாதிரி, கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றே தெரியாது. அது திடீரென்று அலறலாக ஏறி, பிறகு அங்கங்கே அறுந்துபோனது. துண்டோடு ஓடினான்.

உள்ளே கோழிகள் துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தன. கழுத்து முறுக்கிக்கொண்டு, கால்கள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு, அலகிலிருந்து நீர் ஒழுகச் சுவரில் போய் மோதின. பயந்தவை ஒரு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அடியில் மாட்டியவை நசுங்கின. இறக்கைகள் அடிக்கிற அடியில் மரத்தூள் புகையாகக் கிளம்பியது. அவன் காலடியில் ஒரு கோழி மல்லாந்து, ஓடு இல்லாத முட்டை ஒன்றைத் தள்ளிவிட்டு அடங்கியது.

"அய்யோ! அய்யய்யோ! என் குடியக் கெடுத்துட்டானே பாவி!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? குழாயை மூட வேண்டும், தட்டுகளைக் கவிழ்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. மண்வெட்டியை எடுத்தான். மச்சினன் தொட்டியடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மழையில் நனைந்தவன் மாதிரி வேர்த்திருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. எழுந்திருக்கப் பார்த்துக் கால் மடங்கி விழுந்தான்.

"குடிச்சிருக்கியாடா? பட்டப் பகல்ல குடிச்சிட்டா என் கோழியக் கொன்ன?" மண்வெட்டிக் காம்பு அவன் தோளில் இறங்கியது. பிறகு விலாவில், பிறகு கையில். எலும்பு முறிகிற சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. மச்சினன் கத்தக்கூட இல்லை. மூச்சு மட்டும் கரகரவென்று இழுத்தது, கைகால் வெட்டியது. "நடிக்கிறான் பாரு! நடிக்கிறான்!"

"என்னங்க! செத்துருவாங்க! விடுங்க!" மனைவி ஓடிவந்து தம்பிமேல் கவிழ்ந்தாள். ஓங்கியதை அவனால் நிறுத்த முடியவில்லை. நிறுத்த முயலவும் இல்லை. காம்பு அவள் தலையில் பட்டு இரத்தம் கண்ணில் வழிந்தது. மறுபடி ஓங்கினான். ஓங்கிய காம்பு பின்னாலிருந்து இழுபட்டது. முட்டை அடுக்குகிற அக்கா இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்கினாள். உதறினான். அவள் விடவில்லை. தரதரவென்று இழுபட்டாள், அப்போதும் விடவில்லை.

டாக்டரம்மாவின் வண்டி உள்ளே நுழைந்தது அப்போதுதான். கொட்டகையை ஒரு பார்வை பார்த்தார். தொட்டியருகே கிடந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்தவனின் இமையை விரலால் விலக்கிக் கண்மணியைப் பார்த்தார். அது கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

"யோவ், மண்வெட்டியக் கீழ போடு!" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "இவன் குடிக்கல, நடிக்கல. கோழிக்கு என்ன நடக்குதோ அதுதான் இவனுக்கும் நடக்குது. விஷம் ஏறியிருக்கு! சட்டையக் கழட்டுங்க. அக்கா, சோப்பும் கெணத்துத் தண்ணியும் கொண்டாங்க, தொட்டித் தண்ணி வேண்டாம்! உன் வண்டி எங்கய்யா? எடு!"

பட்டாசின் கையிலிருந்து காம்பு நழுவியது. கோழிக்கு நடப்பதும் மச்சினனுக்கு நடப்பதும் ஒன்று என்பது அவன் மண்டைக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இந்த ஆளையா இவ்வளவு நேரம் அடித்தோம்?

முட்டைத் தட்டுகளுக்கு நடுவே மச்சினனைக் கிடத்தி வேனை ஓட்டினான். அவன் வாயில் பொங்கிய நுரையை அக்காக்காரி தன் கையால் வழித்து வழித்து எடுத்தாள். அவள் நெற்றி இரத்தம் தம்பியின் நெஞ்சில் சொட்டியது. "மூச்ச விடுடா தம்பி, விடாதடா" என்று எதை விடச் சொல்கிறோம், எதை விடக் கூடாதென்கிறோம் என்று தெரியாமல் புலம்பிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஓடிவந்தார். "என்ன சாப்பிட்டாரு?"

"பூச்சி மருந்துங்க."

"எந்தப் பூச்சி மருந்து?"

பட்டாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கேள்வி. அவன் அறைந்து பாதியில் நிறுத்திய கேள்வி.

"எதுன்னு சொன்னாத்தானே ஊசி போட முடியும்! வயித்துப் புழுவுக்குக் குடுக்குறதா, பூச்சிக்கு அடிக்கிறதா? பேர் என்ன? வாயத் தொறந்து சொல்லுங்கய்யா!"

அவனுக்குத் தெரியவில்லை. தன் பண்ணையில் தானே வாங்கிவைத்த மருந்தின் பேர் அவனுக்குத் தெரியவில்லை. வாய் திறந்தது, "எ... எ..." என்று இழுத்தது, அதற்குமேல் வரவில்லை. அவன் மனைவி அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். டாக்டரம்மா துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தனுப்பிய டப்பாவை நீட்டினாள். டாக்டர் படித்தார், நர்சைப் பார்த்து ஏதோ சொன்னார். கதவு சாத்தியது.

வராந்தாவில் ஒரு பெஞ்சு. அவள் அதில் உட்கார்ந்தாள். அவள் நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். அவன் சுவரோரம் நின்றான்.

"அவனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல..." என்று முனகினான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"சொன்னான். கேட்டான். நீங்க அடிச்சீங்க. இன்னொண்ணு தெரிஞ்சுக்கோங்க. டாக்டரம்மா குடுத்த பாட்டில் சமையலறையிலதான் இருக்கு. நீங்க ஸ்டோர்ல எடுன்னு கத்துனதும், அதக் கையில எடுத்துக்கிட்டு வாசப்படி வரைக்கும் வந்தேன். அறை விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்படியே திரும்பிப் போயிட்டேன். எனக்கும் விழுமேன்னு பயம். என் தம்பி சாவக் கெடக்குறதுல எனக்கும் பங்கு இருக்கு." நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "முட்டை அடுக்குற அக்காவும் பாத்துச்சாம். மண்டையோடு படம் போட்ட டப்பாவ அவன் தூக்கிட்டுப் போறத. வேன்ல ஏத்தும்போது அழுதுக்கிட்டே சொல்லுச்சு. ஏன் சொல்லலன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியாதா?"

அவன் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தான். பண்ணையில் அவனைத் தவிர இருந்தது மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவன் கேட்டான், இரண்டு பேர் பயந்து ஒதுங்கினார்கள். அத்தனை கோழிகளையும் காப்பாற்ற ஒரு வாய் போதும். மூன்று வாயையும் அவனே தைத்து வைத்திருந்தான். விஷத்தை ஊற்றியது மச்சினன் கைதான், ஆனால் ஊற்றவைத்தது யாருடைய கை? அவன் தன் கையைப் பார்த்தான். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதான்.

மாலை சாய்வதற்குள் டாக்டர் வெளியே வந்தார். "உயிருக்குப் பயமில்ல. கை எலும்பும் விலாவும் ஒடஞ்சிருக்கே, அதுவும் பூச்சி மருந்தா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். போலீசுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாக நர்ஸ் வந்து சொன்னாள். பட்டாசு தலையை ஆட்டினான்.

உள்ளே மச்சினன் கண் விழித்திருந்தான். ஒரு கையில் கட்டு, ஒரு கையில் ஊசிக் குழாய். நெற்றியில் முடி ஒட்டிக்கிடந்தது. அதை ஒதுக்கிவிடலாம் என்று பட்டாசு கையை உயர்த்தினான். அவ்வளவுதான். படுக்கையில் கிடந்தவன் வீறிட்டு, குழாய் பிய்த்துக்கொண்டு வர, கட்டுப்போட்ட கையையும் சேர்த்துத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். "இ... இல்ல மாமா... கே... கேக்க மாட்டேன் மாமா..."

உயர்த்திய கை அந்தரத்தில் நின்றது. அக்காக்காரி நடுவில் வந்து நின்றாள்.

"பாத்தீங்களா? கோழி வயித்துல இருக்குற புழுவ மருந்து குடுத்து எறக்கிடலாம். இவன் வயித்துல நீங்க போட்ட பயத்த எந்த மருந்து குடுத்து எறக்குவீங்க? போங்க. நான் அங்க வர்றதப் பத்திப் பேசாதீங்க. முதல்ல இவன் உங்களப் பாத்து நடுங்காம இருக்கட்டும்."

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூப்பிட்டால் வருவதாகச் சொல்லிவிட்டுப் பண்ணைக்குத் திரும்பினான் பட்டாசு. கொட்டகையில் மூச்சே இல்லை. செத்த கோழிகளை நாய் இழுப்பதற்குள் புதைக்க வேண்டும், யாரும் தின்றுவிடக் கூடாது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். கொட்டகைக்குப் பின்னால் மண் இளகிய இடமாகப் பார்த்து அவனே தோண்ட ஆரம்பித்தான். முட்டை அடுக்குகிற அக்கா கோழிகளைச் சாக்கில் அள்ளிக் கொண்டுவந்து போட்டாள். குழி முழங்கால் ஆழம் போனதும் அவள் அங்கேயே நின்றாள். போகவில்லை.

"என்ன?" என்றான், பழைய குரலில்.

அவள் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் அவன் ஒன்றைக் கவனித்தான். அவள் நின்ற இடம் அவன் கை நீட்டினால் எட்டாத இடம். யோசித்துப் பார்த்தான். மனைவி சோறு போட்டுவிட்டு நகர்ந்து நிற்பதும் அந்தத் தூரத்தில்தான். மச்சினன் எப்போதும் நின்றதும் அந்தத் தூரத்தில்தான். அவன் கையின் நீளத்தை அளந்து வைத்துக்கொண்டுதான் அந்தப் பண்ணையே இத்தனை நாள் நடமாடியிருக்கிறது.

மண்வெட்டியைக் குழிக்கு வெளியே தூரமாக எறிந்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சொல்லுக்கா. என்ன தப்பாப் பண்றேன்?"

அவள் கிணற்றுப் பக்கம் கை காட்டினாள். "இங்க தோண்டக் கூடாது முதலாளி. இது கெணத்து ஊத்து வர்ற வழி. விஷம் தின்ன கோழிய இங்க பொதைச்சா நாளைக்கு நாமதான் அந்தத் தண்ணியக் குடிக்கணும். மேட்டுப் பக்கம் தோண்டலாம். மண்ணு கல்லா இருக்கும், கஷ்டம்தான்."

நேற்று வரைக்கும் இந்த வார்த்தைக்கு அறை விழுந்திருக்கும். அறை விழுந்திருந்தால் கிணறும் போயிருக்கும்.

குழியிலிருந்து ஏறி வந்தான். அவள் இன்னும் பின்னால் நகரப் பார்த்தாள். அவன் அந்த இடத்திலேயே நின்றுகொண்டான்.

"அக்கா, என் பண்ணைய அழிச்சது புழுவும் இல்ல, விஷமும் இல்ல. புழு இருக்குன்னு சொன்னவங்க இருந்தாங்க. விஷம்னு பாத்தவங்களும் இருந்தாங்க. நான் ஒருத்தன் கன்னத்துல அடிச்சதா நெனச்சேன், எல்லார் வாயிலயும் அடிச்சிருக்கேன். கை ஓங்குற எடத்துல உண்மை வாயத் தொறக்காதுக்கா. உண்மை வாயத் தொறக்காத எடத்துல சாவுதான் வந்து நிக்கும். இனிமே தப்புன்னு பட்டா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. அடிக்க மாட்டேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. ஒரே நாளில் நம்புவதற்கு அவள் என்ன பைத்தியமா?

"பாப்போம் முதலாளி," என்றாள். "முதல்ல மேட்டுல தோண்டுங்க. வெயில் ஏறுது."